இடது கையின் மூன்று விரல்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கைத்தோல் வறட்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், ஓயாமல் தண்ணீரில் கை நனைவது என்று காரணங்களை அடுக்கியிருந்தார் கட்டுரையாளர். எல்லாம் சரிதான். ஆனால் அதே கைகள் தினமும் நறுக்குகிற காய்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி கண்ணில் படாததால் நான்கு வருடம் அவதிப்பட்டவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் இடது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியும் முதலில் காயும், பிறகு தடிக்கும், அப்புறம் வெடிக்கும். சட்டைப் பொத்தான் போடக்கூட வலிக்கும். ரேகை தேய்ந்து போய், கைபேசி என் பெருவிரலை அடையாளம் காண மறுத்தது. வலது கைக்கு ஒன்றுமே இல்லை. சோப்பை மாற்றினேன். ரப்பர் கையுறை போட்டேன். களிம்பு தடவினால் ஆறும், நிறுத்தினால் பத்து நாளில் பழையபடி வெடிக்கும். "காய் நறுக்கினால் யாருக்காவது கை புண்ணாகுமா?" என்று வீட்டில் கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை.

கடைசியாகப் பார்த்த தோல் மருத்துவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "கத்தியை எந்தக் கையில பிடிப்பீங்க?" வலது கையில் என்றேன். "அப்ப பூண்டை இந்த மூணு விரலாலதான் பிடிக்கிறீங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு வருடமாக என் விரல்கள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருவர் படித்துவிட்டார்.

முதுகில் சில பொருள்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, அதற்கு மேலும் ஒரு நாள் விட்டு மறுபடியும் பார்த்தார். பூண்டில் இருக்கும் டையல்லைல் டைசல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் ஒட்டிய இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. "இத்தனை வருஷம் பூண்டு உரிச்சிருக்கேனே டாக்டர், அப்ப ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டேன். ஒவ்வாமை அப்படித்தான் வரும் என்றார். உடல் ஒரு பொருளைப் பல வருடம் பொறுத்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் அதை எதிரியாகப் பதிந்துகொள்ளுமாம். அதற்குப் பிறகு சிறிது பட்டாலும் போதும். கையுறை ஏன் உதவவில்லை என்பதும் அன்றுதான் புரிந்தது. இந்தச் சேர்மம் பெரும்பாலான கையுறைகளை ஊடுருவி உள்ளே வந்துவிடும். நான் கவசம் என்று நினைத்ததற்குள்ளேயே அதை அடைத்து வைத்திருந்திருக்கிறேன்.

அதன் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன், மருத்துவரையும் கேட்டுத் தொந்தரவு செய்தேன். காய் பட்டுக் கை பாதிக்கப்படுவது எல்லாம் ஒரே விஷயம் இல்லை என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. சேனை, சேம்பு போன்ற கிழங்குகளில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த ஊசிகள் தோலில் குத்துவதால் அரிக்கிறது. இது ஒவ்வாமை அல்ல, யார் கையில் குத்தினாலும் அரிக்கும். மிளகாயும் அப்படியே. அதிலுள்ள கேப்சைசின் என்ற காரப்பொருள், சூட்டை உணர்வதற்கென்று நரம்பு நுனியில் இருக்கும் அதே ஏற்பியைத் தூண்டுகிறது. தோல் வேகாமலே வெந்ததுபோல எரிவது அதனால்தான். அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே "சும்மா கையை உதறாதே" என்று யாரையும் அடக்காதீர்கள், அந்த எரிச்சல் உண்மையானது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவினால்தான் போகும். கண்ணைத் தொடும் முன்பும், குழந்தையைத் தூக்கும் முன்பும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சிலருக்கு உருளைக்கிழங்கு அல்லது கேரட்டைப் பச்சையாகத் தோல் சீவும்போதே, சில நிமிடங்களில் கை அரித்துத் தடிக்கும். அந்தக் காய்களிலுள்ள புரதங்களுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு இது. அந்தப் புரதங்களில் பல சூட்டில் சிதைந்துவிடுவதால், அதே காயை வேகவைத்தால் பலர் சிரமமின்றிச் சாப்பிடுவார்கள். "சாப்பிட ஒத்துக்கிறது, நறுக்க மட்டும் ஒத்துக்காதா?" என்று கேலி செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேலியோடு போனால் பரவாயில்லை. பிறர் சமையலறையில் கூலிக்குக் காய் நறுக்குகிறவருக்கு இது பிழைப்புப் பிரச்சினை. உணவுப் பொருள்களைக் கையாளும் தொழிலாளர்களின் கைகளில் வரும் இத்தகைய புரதத் தோலழற்சியை டென்மார்க் மருத்துவர்கள் இருவர் 1976-லேயே விவரித்து எழுதிவிட்டார்கள். இன்னமும் அதைச் சுத்தக்குறைவு என்றும் வேலைக்குச் சாக்கு என்றும் சொல்கிறோம்.

பூசணி வகைகளில் சிலவற்றைத் தோல் சீவினால் கையில் பசை காய்ந்த மாதிரி இறுக்கமாகி, பிறகு தோல் உரியும். வெண்டைக்காயின் நுண்ணிய சுணை சிலருக்கு அரிப்பைத் தரும். என்னை மிகவும் யோசிக்க வைத்தது செலரியும் எலுமிச்சையும்தான். இவற்றின் சாற்றில் உள்ள ஃபுரானோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் தோலில் பட்டபடி வெயிலில் போனால், புற ஊதாக் கதிர் பட்டு அந்த இடம் சிவந்து கொப்பளிக்கும். அதுவும் உடனே அல்ல, ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் முற்றும். கருமை மாதக்கணக்கில் நிற்கும். சாறு வழிந்த கோடு அப்படியே பதிந்திருப்பதைப் பார்த்து, யாரோ சூடு போட்டதாகக்கூடச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

எனவே காயைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, கையைக் கவனித்தால் போதும். எந்தக் கை, எந்த விரல், தொட்டு எத்தனை நிமிடத்தில் அல்லது எத்தனை நாளில், வெயிலில் போனீர்களா என்பதை ஒரு வாரம் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். காய் பட்டதும் உதடோ தொண்டையோ வீங்கினால், மூச்சுத் திணறினால், குறிப்பெல்லாம் பிறகு. உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் மகன்தான் பூண்டு உரித்து நறுக்குகிறான். இரண்டு மாதத்தில் என் விரல் நுனிகளில் ரேகை திரும்பிவிட்டது.

ஆசிரியர் அவர்களே, தோல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். எந்த விரல் என்ற கேள்வியை முதல் வரியிலேயே போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி