டிராலியில் நின்ற குழந்தையும் உங்கள் புகைப்படமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் நடுப்பக்கத்தில், சூப்பர் மார்க்கெட் டிராலிக்குள் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கிச் சிரிக்கும் ஒரு பெண் குழந்தையின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். ‘குட்டி மகாராணியின் நகர்வலம்’ என்று தலைப்பு வேறு. வீட்டில் எல்லோரும் ரசித்தார்கள். நான் மட்டும் தாளை மடித்து வைத்துவிட்டேன். அந்தச் சிம்மாசனத்திலிருந்து ஒரு குழந்தை எப்படிக் கீழே வரும் என்பதை இரண்டு மாதங்களுக்கு முன்பு நேரில் பார்த்தவன் நான். விழவிட்ட தாத்தாவும் நானே.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். நடந்து போகும் தூரத்திலேயே ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. பெயர் வேண்டாம், இந்த விஷயத்தில் எல்லாக் கடைகளும் ஒன்றுதான். மாதத்தின் முதல் வாரம், நல்ல கூட்டம். இரண்டரை வயதுப் பேரன் டிராலியைப் பார்த்ததும் கையை நீட்டினான். கைப்பிடியை ஒட்டி மடக்கித் திறக்கிற அந்தச் சின்ன இருக்கையில் உட்கார வைத்துவிட்டு இடுப்பு வாரைத் தேடினேன். ஒரு பக்கத்து வார் மட்டும் தொங்கியது. மறுபக்கத்தில் கொக்கி இருக்க வேண்டிய இடத்தில், சாக்கு கட்டுகிற பிளாஸ்டிக் கயிற்றில் ஒரு முடிச்சு. கேட்டதற்கு, எல்லா வண்டியும் அப்படித்தான், யாரும் மாட்டிக்கொள்வதில்லை என்றார் அங்கே அடுக்கிக்கொண்டிருந்த இளைஞர். சரி என்று தள்ளிக்கொண்டு போனேன். என் தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

புளிப் பொட்டலத்தில் இருப்பது கொட்டை எடுத்த புளியா, எடுக்காததா என்று பார்க்க, நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினேன். அவ்வளவுதான் நேரம். மேல்தட்டிலிருந்த ரஸ்க் பாக்கெட்டை எட்டுவதற்காகப் பையன் இருக்கையில் காலை ஊன்றி எழுந்திருக்கிறான். டைல்ஸ் தரையில் தேங்காய் விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. மூன்றடி உயரத்திலிருந்து தரைக்கு வர அரை வினாடிகூட ஆகாது. கண்ணாடியைக் கழற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நெற்றியில் பெரிய நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கப் போனாள். நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதானே. பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஓடிவந்து தடுத்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மெதுவாக ஒற்றச் சொன்னார். இரவு இரண்டு முறை வாந்தி எடுத்தான். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்து, விடியும்வரை வைத்திருந்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். அந்த இளம் மருத்துவர் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். தலையில் அடிபட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீர் போன்ற நீரோ வடிந்தாலோ, கண்மணிகள் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெளிக்காயம் இல்லையே என்று நிம்மதி அடையவும் கூடாதாம்.

நான் ஹார்பரில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் தலைநரைத்தவன். கனமானது அடியில், இலேசானது மேலே என்பது அங்கே முதல் நாள் பாடம். சரக்கு தூக்கும் ஃபோர்க் லிஃப்ட் வண்டியின் முள்ளில் எவனாவது விளையாட்டுக்கு ஏறி நின்றால் மேஸ்திரி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். டிராலியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பருப்புப் பாக்கெட்டும் ஒரு சோப்பும் கிடக்கும். உச்சியில் பன்னிரண்டு கிலோக் குழந்தை. அந்தக் குழந்தையிலும் உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. அதனால்தான் விழும்போது தலை முந்திக்கொள்கிறது. அரிசி மூட்டை உள்ளே இருந்தாலாவது வண்டி கொஞ்சம் நிலைகொள்ளும். மூத்த பிள்ளை பக்கவாட்டுக் கம்பியில் தொற்றிக்கொண்டு சவாரி செய்தால் வெற்று வண்டி அப்படியே அவன்மேல் சாயும். சின்னச் சக்கரம் டைல்ஸ் விளிம்பில் இடறினால் உள்ளே நிற்கிற குழந்தை முன்னே பாயும்.

இது ஒரு தாத்தாவின் கவனக்குறைவு என்று முடித்துவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்காவில் 1990 முதல் 2011 வரையிலான அவசர சிகிச்சைக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டிருக்கிறார்கள். டிராலியால் அடிபட்டு வந்த பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆண்டுக்குச் சராசரியாக 24,000 பேருக்கு மேல். ஒரு நாளைக்கு 66 பேர். பத்தில் ஏழு பேர் வண்டியிலிருந்து விழுந்தவர்கள். முக்கால் பங்குக்கும் மேல் தலைக்காயம். 2004-இல் அங்கே டிராலிக்கென்று ஒரு தரவிதி கொண்டுவந்தார்கள், ஆனால் கட்டாயமில்லாமல். அதற்குப் பிறகும் தலைக்காயங்கள் குறையவில்லை. அத்தனை தாத்தாக்களும் கவனமில்லாதவர்களா? 1937-இல் ஒக்லஹோமா நகரத்துக் கடைக்காரர் சில்வன் கோல்ட்மேன், கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்களே என்று மடக்கு நாற்காலிக்குச் சக்கரம் வைத்து உருவாக்கியது இந்த வண்டி. பிறந்தது முதல் சரக்கு விற்பதற்கான வண்டி. அதில் பிள்ளைக்கு இருக்கை வைத்தவர்கள், பிள்ளையை அதில் நிறுத்திவைக்கும் வழியையும் வைத்தாக வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் பார்த்த பிறகு, புதிதாகக் கடை கட்டுகிறவர்கள் தரையைத் தெருவிலிருந்து நன்றாக உயர்த்திவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் வாசலில் இடமில்லாததால் சரிவு செங்குத்தாக இறங்குகிறது. சாமானோடு குழந்தையையும் டிராலியில் வைத்தபடியே ஸ்கூட்டர் வரைக்கும் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கீழே திருவொற்றியூர் நெடுஞ்சாலை. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், நகரும். சாவியைத் தேட ஒரு கையை எடுத்தால் போதும். போன வாரம்கூட ஒரு தாய், சரிவில் நழுவிய வண்டியை முழங்காலால் தடுத்து நிறுத்தியதைப் பார்த்தேன். வண்டிக்குள் கைக்குழந்தை, சர்ஃப் பாக்கெட்டுக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில். டிராலி வாசற்படியைத் தாண்டக் கூடாது, மூட்டையைத் தூக்கிக் கொடுக்க ஆள் உண்டு என்று கடைகள் ஏற்பாடு செய்தால் பாதிக் கவலை தீரும்.

அண்ணாச்சிக் கடையில் இந்தத் தொல்லை இல்லை. பிள்ளை கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அண்ணாச்சி ஒரு கடலைமிட்டாயை நீட்டுவார். அந்தக் காலத்துக்குத் திரும்புங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிற வீட்டில் குழந்தையும் கடைக்கு வரத்தான் செய்யும்.

சென்ற வாரம் தங்கசாலைப் பக்கம் பை தைக்கிற ஒருவரிடம் விசாரித்தேன். பள்ளிப் பையில் வைக்கிற அகலமான நாடாவும் அழுத்தினால் பூட்டிக்கொள்கிற கொக்கியும் சேர்த்து ஒரு வண்டிக்கு அறுபது ரூபாய் ஆகும் என்றார். மாதிரிக்கு ஒன்று தைத்து வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். மேலாளர் மரியாதையாகவே பேசினார். தலைமை அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்றார். அதுவரை கொக்கி இல்லாத இருக்கைகளை மடக்கிக் கம்பியால் கட்டிவிடுங்களேன் என்றேன். அதற்கும் கேட்க வேண்டுமாம். நாடா இன்னும் என் பையில்தான் கிடக்கிறது.

பேரன் இப்போது கடைக்குள் நடந்தே வருகிறான். கையில் ஒரு கொத்தமல்லிக் கட்டைக் கொடுத்துவிட்டால் அதைக் காவல் காப்பதிலேயே குறியாக இருக்கிறான். நேரம் இரட்டிப்பாகிறது, முதுகு வலிக்கிறது, வழியில் இருக்கிற பிஸ்கட் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறான். உங்கள் புகைப்படக்காரர் அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் அதைப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி,
தண்டையார்பேட்டை, சென்னை–81