மூக்குத்தி எந்தப் பக்கம்?

பெர்லின்
ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம் வீடியோவில் என் விரலைப் பார்த்துட்டு, "அங்கேயும் விறகடுப்பா?"ன்னு கேட்டியே. அடுப்பு இல்லைம்மா, கரிக்குச்சியால முகம் வரையப் படிக்கிறேன். இங்கே இந்த மாசம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுது. ரூமில் அடைஞ்சு கிடக்கப் பிடிக்காம, ஊர் நிர்வாகம் நடத்துற மாலை வகுப்பில் சேர்ந்துட்டேன்.

இது இஸ்திரிக்காரர் போடுற கரி இல்லை. வில்லோ மரக் குச்சியைக் காத்துப் புகாம அடைச்சுச் சுடுவாங்களாம். தொட்டாலே உதிரும். அழிக்கிற ரப்பர் அப்படியே சப்பாத்தி மாவுதான். பிசைஞ்சு, முனையாக்கி, கரிமேல ஒத்தி எடுத்தா அந்த இடம் வெளுக்கும். ரப்பர் வர்றதுக்கு முன்னாடி ரொட்டியாலதான் அழிச்சாங்களாம்.

முதல் நாளே உன் முகத்தைப் போட்டேன். நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் கண்ணு! டீச்சர் குச்சியை நீட்டிப் பிடிச்சு அளந்து காட்டினாங்க. உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில்தான் கண்ணாம். நம்பாம வீட்டுக்கு வந்து கண்ணாடியில் அளந்தேன். சரியாத்தான் இருக்கு. இப்போ கோடே போடக்கூடாதுங்கறாங்க. கண்ணை இடுக்கிப் பார்த்து, எங்கே இருட்டோ அதை மட்டும் தேய்க்கணும்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே நோயே வாஹேன்னு, போரில் செத்தவங்களுக்கான நினைவு மண்டபத்துக்குப் போனேன். கேத்தே கோல்விட்ஸ்னு ஒரு ஓவியர், தன் முகத்தையே ஆயுசு பூரா வரைஞ்சவங்க. கரியிலும் வரைஞ்சிருக்காங்க, கொஞ்சம்கூட அழகாக்கிக்கலை. 1914 போரில் 18 வயசு மகனைப் பறிகொடுத்தாங்க. செத்த மகனை மடியில் போட்டிருக்கிற தாயா அவங்க செஞ்ச சின்னச் சிலையைப் பெரிசாக்கி அங்கே வெச்சிருக்காங்க. மேலே கூரையில் வட்டமா திறந்து விட்டிருக்கு. மழையும் பனியும் நேரா அவ மேலதான். அன்னைக்கு அவ தலையில் பனி கிடந்தது. தட்டிவிடக் கை பரபரத்தது.

உன் படம் பாதியில் நிக்குது. தம்பி எடுத்து அனுப்பின செல்ஃபியில் மூக்குத்தி இடது பக்கம் இருக்கு. உனக்கு வலதுதானே? போன் திருப்பிப் போட்டுடுச்சா, நான்தான் மறந்துட்டேனா தெரியலை. காலையில் கூடத்து ஜன்னல் பக்கம் உட்கார வெச்சு, ஃபிளாஷ் போடாம, வேற யாரையாவது எடுக்கச் சொல்லு. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் விழணும். பவுடர் பூசிக்காதே.

உன் அன்பு மகள்