இம்மி பிசகாத தப்பு

பாளையங்கோட்டை

அன்புள்ள கயலுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. போனில் பேச ஆரம்பித்தால் "சரிப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். லேசர் ஒளியால் தூரம் அளக்கக் காரில் வைக்கும் லைடாரை மைதானத்தில் நிறுத்தி, பலகைகளை நட்டுத் தூரம் அளக்கிறீர்கள். அதே மைதானத்தைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, அங்கேயும் ஒரு லைடாரை ஓடவிடுகிறீர்கள். நிஜ லைடார் முன்னே பின்னே சொல்கிறது, சிமுலேஷன் இம்மி பிசகவில்லை என்று பெருமையாகச் சொன்னாய். எனக்கு உறுத்தியது அந்தப் பெருமைதான்.

நீ நாலாவது படிக்கும்போது ஒரு பைபாஸ் ரோடு சர்வே வேலைக்குப் போயிருந்தேன். தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கைக்கு வந்த புதிது. எதிர்முனையில் நின்று ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசத்துக்கென்று ஒரு மாறிலி உண்டு, அளந்த தூரத்தோடு சேர்க்க வேண்டிய திருத்தம். எங்கள் பிரிசத்துக்கு மைனஸ் 30 மில்லிமீட்டர். கருவியில் பூஜ்யம் என்று கிடந்தது. யாரும் பார்க்கவில்லை, நானும்தான். ஒரே கோட்டைப் பத்துத் தடவை அளந்தோம். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குமேல் வித்தியாசமே இல்லை. சந்தோஷத்தில் செயின்மேன்களுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள்தான் ஒரு நேர்கோட்டில் மூன்று முளை அடித்துப் பார்த்தேன். முதல் முளையிலிருந்து நடு முளை, அங்கிருந்து கடைசி முளை, இரண்டையும் கூட்டினால், ஒரேயடியாக அளந்ததைவிட 30 மில்லிமீட்டர் கூடுதல். தனித்தனியாக அளக்கும்போது தப்பு இரண்டு தடவை நுழைகிறது, மொத்தமாக அளந்தால் ஒரு தடவைதான். மூன்று நாள் கணக்கையும் உட்கார்ந்து திருத்தினேன். பத்துத் தடவை ஒரே விடை வந்தால் கருவி பிடிவாதக்காரன் என்றுதான் அர்த்தம்.

உன் லைடாருக்கு வேலை இன்னும் கஷ்டம். ஒரு நானோ செகண்டில் ஒளி போய்த் திரும்பும் தூரம் 15 சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டருக்குள் சொல்ல வேண்டுமானால் அதில் ஏழில் ஒரு பங்கு நேரத்தைப் பிடிக்க வேண்டும். வெள்ளைப் பலகையிலிருந்து வரும் எதிரொளி வலுவானது. சட்டென்று உயர்ந்து, கருவி நேரத்தைக் குறிக்கும் வரம்பை முந்தித் தாண்டுவதால் பலகை கொஞ்சம் கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். கறுப்புப் பலகையின் எதிரொளி தயங்கித் தயங்கி வரும், தூரம் கூடிவிடும். உள்ளே திருத்தம் போட்டிருந்தாலும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். தூரம் போகப்போகக் கறுப்புப் பலகையில் பாதிப் புள்ளிகள் வரவே வராது. லேசர் கற்றையும் அகன்றுகொண்டே போகும். பலகையின் ஓரத்தில் பாதியும் பின்சுவரில் பாதியும் பட்டால், இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு புள்ளி முளைக்கும்.

உன் சிமுலேஷனில் கதிருக்குத் தடிமன் இருக்கிறதா? வெறும் கோடாக எய்தால் அது ஓரத்தில் தடுமாறாது, கறுப்பைக் கண்டு தயங்காது. அப்படி ஒரு லைடாரை நம்பிக் காருக்குப் பிரேக் போடக் கற்றுக்கொடுத்தால், ரோட்டில் கறுப்பு கார் குறுக்கே வரும்போது என்ன ஆகும்? நிஜ லைடார் எங்கே, எவ்வளவு பிசகுகிறதோ, அங்கே அவ்வளவு சிமுலேஷனும் பிசக வேண்டும். சராசரியை மட்டும் ஒப்பிட்டுவிட்டு எழுந்துவிடாதே. அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார், வராத புள்ளிகளையும் எண்ணு.

அப்புறம், உண்மைத் தூரம் என்று எதை வைத்துக்கொள்கிறீர்கள்? 1802இல் இந்தியாவின் பெரிய நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், மற்ற தூரங்களுக்கெல்லாம் ஆதாரமான ஏழரை மைல் அடிக்கோட்டைப் பரங்கிமலைப் பக்கம் அளந்தபோது, அளக்க ஒரு எஃகுச் சங்கிலி, அதைச் சரிபார்க்க இன்னொன்று என்று வைத்திருந்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் பக்கத்திலேயே தெர்மாமீட்டர். உங்கள் மைதானத்தை அளக்கும் கருவியை யார் சரிபார்க்கிறார்கள்? லைடார் தூரத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்யம் அந்தப் பெட்டிக்குள் எந்த இடத்தில் இருக்கிறது? முன் கண்ணாடியிலா, அதற்குப் பின்னாலா? அது தெரியாமல் மில்லிமீட்டர் பேசக்கூடாது.

மூன்று முளைச் சோதனையை லைடாரை வைத்து ஒருநாள் செய்து பார். சென்சாரை நடு முளைக்குத் தூக்கிப் போக வேண்டியிருக்கும், குளிரில் அலுப்பாகத்தான் இருக்கும். கூட்டுத்தொகை எவ்வளவு இடிக்கிறது என்று எழுது. நார்த்தங்காய் ஊறுகாய் பார்சல் போன வாரமே போட்டாகிவிட்டது.

அப்பா