கயலுக்கு, ஆறால் எண்ணுவது பற்றி

அன்புள்ள கயல்,

'யாம்' என்ற மொழிக்குடும்பத்தின் எண்பெயர்ப் பட்டியலை அனுப்பி, ஏன் ஆறு ஆறாக எண்ணுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இது பிடிபடாதும்மா. கிழங்கு எண்ணும் வேலையோடு சேர்த்துப் பார்.

இடம் உனக்குத் தெரியும்: நியூகினித் தீவின் தெற்கே, பப்புவா நியூகினியின் மோர்ஹெட் பகுதியும் எல்லைக்கு அப்பால் இந்தோனேசியாவின் மெராவுக்கேயும். குடும்பத்துக்குத் தோண்டா, நம்பு, யெய் என்று மூன்று கிளைகள். ரூக்கு ஊரில் பேசும் கோம்ன்சோ தோண்டாவில் சேரும், நென் என்ற மொழி நம்புவில். இந்த இரண்டு மொழிகளில் ஒவ்வொன்றையும் பேசுவோர் சில நூறு பேர்தான்.

கோம்ன்சோவில் 6 நிம்போ, 36 ஃப்தா, 216 தரும்பா, 1296 தம்னோ, 7776 வெரெமெகெ, 46,656 வீ. இருவர் ஆளுக்கு மூன்று வள்ளிக்கிழங்கு எடுத்து மறு குவியலில் வைப்பார்கள். அது ஒரு நடை. ஆறு நடை முடிந்தால் 36. அதற்கு அடையாளமாக ஒரு கிழங்கைத் தனியே வைப்பார்கள். அப்படி ஆறு அடையாளம் சேர்ந்தால் 216. ஆக, விரலைத் தேடாதே. இரண்டு பேர், ஆளுக்கு மூன்று, அவ்வளவுதான்.

அறைத்தோழியோடு 500 புளியங்கொட்டையை வைத்துச் செய்து பார். 83 நடை, மீதி 2. விடை: 2 தரும்பா, 1 ஃப்தா, 5 நிம்போ, 2. தப்பு பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும். ஒருத்தி இரண்டே எடுத்துவிட்டால் அது கடைசிவரை தெரியாது. எண்ண வேண்டிய குவியலிலிருந்தே அடையாளத்தை எடுத்தால் கூட்டுத்தொகை குறையும். அதற்கு வேறு கொட்டை வைத்துக்கொள்.

நென்னில் ஆறு பூஸ், கோம்ன்சோவோடு ஒட்டவே இல்லை. ஆனால் 216 தரோம்பா, 1296 தம்னோ. மேல் எண்கள் இவ்வளவு ஒத்திருப்பதைக் கண்டு உடனே உறவு மரம் வரையாதே. கிழங்கு எண்ணும் வழக்கம் ஊர்விட்டு ஊர் போனால் அதன் சொற்களும் கூடவே போகும். கிளை பிரிக்க 'நான், நீ' போன்ற பதிலிடுபெயர்களையும் வினை விகுதிகளையும் பார். எனக்கு அவற்றின் மீதுதான் நம்பிக்கை.

வினையில் ஒரு எச்சரிக்கை. இந்த மொழிகளில் ஒருவரா (ஒருமை), இருவரா (இருமை), பலரா (பன்மை) என்பது வினைச்சொல்லில் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கும். முன்னொட்டு ஒருமையா இல்லையா என்று மட்டும் காட்டும். வேறொரு உறுப்பு இருமையா இல்லையா என்று மட்டும் காட்டும். ஒருமையும் இல்லை, இருமையும் இல்லை என்றால்தான் பன்மை. முன்னொட்டை மட்டும் பார்த்துப் 'பன்மை' என்று குறித்துவிட்டால், இருவர் வந்த வாக்கியமெல்லாம் பலர் வந்ததாக ஆகிவிடும். உன் அட்டவணையில் மூன்றாவது வரிசை அப்படித்தான் இருக்கிறது. இரண்டு உறுப்புக்கும் தனித்தனிப் பத்தி போட்டுத் திருப்பி அனுப்பு, பார்க்கிறேன்.

அம்மா