நீராவி எஞ்சினுக்குப் பணம் வாங்கிவிட்டு டீசல் வண்டியில் ஏற்றிவிட்டீர்கள்: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

கோயம்புத்தூர்
09.06.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: மே 13 முதல் 16 வரை நடந்த நீலகிரி சொகுசுக் கோடைச் சுற்றுலாவில் சொன்னபடி தராத சேவைகளுக்குப் பணம் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

பிப்ரவரி 2ஆம் தேதி உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து, ஐந்து பேருக்கு ரூ.2,15,000 முழுப் பணத்தையும் கட்டினேன். விளையாட்டு, இயற்கை, பாரம்பரியம், உயர்தர உணவு நான்கும் சேர்ந்த பயணம் என்று உங்கள் கையேடு சொன்னது. நான் பணம் கட்டியது முக்கியமாக அதன் 6ஆம் பக்கத்துக்காக: ‘நூற்றாண்டு கண்ட நீராவி ரயிலில், பல்சக்கரப் பாதையில் மலையேறுங்கள்.’

அந்த வரி எங்கள் வீட்டில் ஏன் அவ்வளவு பெரிதாகப் பட்டது என்பதை அன்றே உங்கள் ஊழியரிடம் சொன்னேன். என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 31 வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தவர். ஊட்டி ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் பெரிய பராமரிப்புக்கு அங்கேதான் வரும். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பழைய எஞ்சின்களுக்கு வயதான பிறகு, அதே அமைப்பில் புதியவற்றைச் செய்ததும் பொன்மலையில்தான். கழற்றிப் போட்ட நிலையில் அந்த எஞ்சினை எத்தனையோ முறை பார்த்தவர், அது மலையேறும்போது வண்டிக்குள் உட்கார்ந்து வந்ததே இல்லை. இப்போது அவருக்கு 76 வயது. உங்கள் ஊழியர் அதைக் கேட்டுவிட்டு, “கட்டாயம் சார், அப்பாவுக்கு ஜன்னல் சீட்டே போட்டுடலாம்” என்றார்.

முதல் நாளே சிக்கல் தொடங்கியது. 2024 மே 7 முதல் ஊட்டி செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். நீங்கள் அனுப்பிய காருக்கு அது எடுக்கப்படவில்லை. கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஓட்டுநர் தன் கைபேசியில் விண்ணப்பித்து முடிக்க 50 நிமிடம் ஆனது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பது ஊரறிந்த விஷயம். நீங்கள் வண்டியில் ஏற்றிவிட்ட இரண்டு பெட்டி பாட்டில்களையும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டார்கள். மேட்டுப்பாளையம் வெயிலில் அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஓட்டுநர் பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். முந்தின நாள் இரவுதான் அவருக்கே தகவல் வந்ததாம்.

ரயில் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாள் காலை எங்களைக் குன்னூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் டிக்கெட்டைக் கொடுத்தீர்கள். குன்னூரிலிருந்து உதகமண்டலம்! இந்தப் பாதையை விற்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை விவரம் ஒன்று உண்டு. மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டர். அதில் பல்சக்கரப் பாதை, அதாவது தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்வரிசையை எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பாதை, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும்தான். பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி உயரும் ஏற்றம் அது. நீராவி எஞ்சின் குன்னூரோடு நின்றுவிடும். அதற்கு மேல் வழக்கமாக டீசல் எஞ்சின்தான். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் ஏறியிருந்தால்தான் நீங்கள் 6ஆம் பக்கத்தில் எழுதியது எங்களுக்குக் கிடைத்திருக்கும்.

நாங்கள் பிளாட்பாரத்தில் நிற்கும்போதே கீழேயிருந்து வண்டி வந்தது. எல்லோரும் படம் எடுக்க முன்பக்கம் ஓடினார்கள். அப்பா மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு நேராக வண்டியின் பின்பக்கம் போனார். அந்த ஏற்றத்தில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளித்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். எஞ்சின் நின்ற பிறகும் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பக்கவாட்டிலிருந்த சிலிண்டர்களை என் மகளுக்குக் காட்டி, “மொத்தம் நாலும்மா, ரெண்டு சக்கரத்துக்கு, ரெண்டு பல்சக்கரத்துக்கு” என்று சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அந்த எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். டீசல் வந்து சேர்ந்தது. அப்பா என்னைப் பார்த்து, “இது ஏறி வரதைத்தானேப்பா பார்க்கணும்னு நெனச்சேன்” என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஊட்டி வரும் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

உங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். “ரெண்டும் அதே டாய் ட்ரெயின்தான் சார்” என்றார். இல்லை, இரண்டும் ஒன்றல்ல. டீசல் பயணமும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பணம் வாங்கியது அதற்கல்ல. காரணமும் டிக்கெட்டிலேயே இருக்கிறது. ரயில்வே முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். என் பணம் பிப்ரவரியிலேயே உங்களிடம் இருந்தது. நீங்கள் டிக்கெட் எடுத்த தேதி மே 2. கோடை சீசனில் மேட்டுப்பாளையம் டிக்கெட் அதுவரைக்கும் காத்திருக்குமா? கிடைக்கவில்லை என்று அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பயணத்தையே வேறு மாதத்துக்குத் தள்ளியிருப்பேன். சொல்லாமல் மறைத்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கோல்ஃப் கதையும் இதேதான். என் மகளுக்கு 15 வயது. மூன்று வருடமாகக் கோவையில் பழகுகிறாள். 7,000 அடிக்கு மேல் காற்று லேசாக இருப்பதால் பந்து கூடுதல் தூரம் போகும் என்று படித்துவிட்டு, எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை என்று ஒரு நோட்டில் புதிதாகக் கணக்குப் போட்டு எடுத்து வந்திருந்தாள். காலை 6.30க்கு 18 குழி மைதானத்துக்குப் போனால் பதிவேட்டில் எங்கள் பெயரே இல்லை. அங்கிருந்தவர் மரியாதையாக இரண்டு முறை தேடிப் பார்த்தார். கிளப்பின் மேல் தவறில்லை, அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை. மதியம் வரச் சொன்னீர்கள். மதியம் மழை. ஸ்னூக்கரின் விதிகள் முதலில் எழுதப்பட்ட ஊட்டி கிளப்பைப் ‘பார்வையிடல்’ என்று போட்டிருந்தீர்கள். அது உறுப்பினர்களுக்கான கிளப். வெளிவாசலோடு திரும்பினோம்.

இரவு விருந்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ‘படகர் வீட்டுச் சமையல், சமையற்கலைஞரின் விளக்கத்தோடு’ என்று இருந்தது. படகர் என்றால் நீலகிரி மலையில் வாழும் சமூகத்தினர். அவரைக் குழம்பும் ராகிக் களியும் சாப்பிட அம்மா ஆசையாக இருந்தார். வைத்தது பன்னீர் பட்டர் மசாலா, ஃப்ரைடு ரைஸ், குலாப் ஜாமூன். இது எங்கள் தெருமுனையிலேயே கிடைக்கிறது.

ஒன்று நன்றாக இருந்தது, அதையும் எழுத வேண்டும். கடைசி நாள் கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு எங்களை அழைத்துப் போன உள்ளூர் இளைஞர் அருமையானவர். 2024இல் ராம்சர் தகுதி (உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலம் என்ற தகுதி) பெற்ற இந்தச் சிறிய காடு சுற்றியுள்ள ஊர்களுக்கு எப்படித் தண்ணீர் தருகிறது என்று, ஓடையோரம் பாசியைப் பிழிந்து காட்டி விளக்கினார். அப்பாவின் முழங்காலுக்காக ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று நடந்தார். ஒரு கருமந்திக் கூட்டத்தை 20 நிமிடம் பார்த்தோம். அந்த மூன்று மணி நேரம் தரமான பயணமாக இருந்தது. அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தைக் குறைக்காமல் கொடுங்கள்.

மே 19ஆம் தேதி நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, அடுத்த பயணத்தில் 5 சதவீதம் தள்ளுபடி என்று பதில் வந்தது. அது எனக்கு வேண்டாம். நான் கேட்பது, உங்கள் ரசீதிலேயே தனித்தனியாகக் குறித்துள்ள மூன்று தொகைகள்: நீராவி ரயில் ரூ.24,000, கோல்ஃப் ரூ.18,000, விருந்து ரூ.21,000. மொத்தம் ரூ.63,000. இதோடு, நடந்த தவறை ஒப்புக்கொண்டு என் அப்பா பெயருக்கு ஒரு கடிதம் வேண்டும். கையேட்டின் 6ஆம் பக்கத்தையும் திருத்துங்கள். குன்னூரிலிருந்து ஏற்றுவதாக இருந்தால் ‘டீசல்’ என்று போடுங்கள். வேறொரு வீட்டுப் பெரியவர் அந்தப் பிளாட்பாரத்தில் இப்படி நிற்கக் கூடாது.

15 நாளுக்குள் பணம் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஏற்கெனவே பேசிவிட்டேன்.

பணம் வந்ததும் மேட்டுப்பாளையம் டிக்கெட்டை நானே எடுத்துக்கொள்கிறேன். முன்பதிவு திறக்கும் நாளைக் காலண்டரில் அப்பாவே வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, கையேட்டின் 6ஆம் பக்க நகல், குன்னூர்–உதகமண்டலம் ரயில் டிக்கெட், மே 19 மின்னஞ்சலும் பதிலும்.