ஏழு சாண் தோல்: ஸ்காபரோ தமிழ்ப் பெற்றாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றாருக்கு,

வணக்கம். போன மாதம் நம் பள்ளியின் பெற்றார் அவைக் கூட்டத்தில் ஒரு விஷயம் முடிவாகாமல் நின்றது. கேக்கும் பீட்சாவும் விற்று நாம் சேர்த்த காசை எதற்குச் செலவழிப்பது? ஒரு நாள் மட்டும் வந்து தலைமைத்துவப் பயிற்சி நடத்திவிட்டுப் போகும் நிறுவனத்துக்கா, கிராண்ட் ஆற்றங்கரையிலிருந்து ஹோடனோஷோனி என்ற பூர்வகுடி மக்களின் கதைசொல்லி ஒருவரை ஆறு கிழமைக்கு அழைப்பதற்கா? நம்மில் பலர் பயிற்சிக்குத்தான் கை தூக்கினோம். "கதை நல்லதுதான், ஆனால் அதில் பிள்ளை என்ன படிக்கும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று எனக்கு வார்த்தை சரியாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் பிள்ளைகள் தினமும் காலையில் ஒலிபெருக்கியில் ஹோடனோஷோனி என்ற பெயரைக் கேட்கிறார்கள். இந்த நிலத்துக்கு உரியவர்களை நினைவுகூரும் அந்த இரண்டு மூன்று வரிகள் அவர்களுக்கு மனப்பாடம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

என் மகள் முன்பு படித்த பள்ளிக்கு அப்படி ஒரு கதைசொல்லி வந்தார். அவர் சொன்ன கதை இது. மோஹோக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா என்ற ஐந்து ஹோடனோஷோனி தேசத்தவரும் ஒருவரை ஒருவர் கொன்று பழிதீர்த்துக்கொண்டிருந்த காலம். சண்டையை நிறுத்தவென்று ஒருவர் வந்தார். அவருடைய பெயரைக் கண்டபடி உச்சரிப்பதில்லை, 'சமாதானம் செய்தவர்' என்றே சொல்வார்கள். ஹையவாதா என்ற ஒருவர் தன் மகள்மாரைப் பறிகொடுத்துவிட்டுக் காட்டில் அலைந்துகொண்டிருந்தார். சமாதானம் செய்தவர் சிப்பி மணிச் சரங்களைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றாக ஆறுதல் சொன்னார். முதல் சொல் கண்ணீரைத் துடைக்க. இரண்டாவது, துக்கத்தில் அடைத்துப்போன காதைத் திறக்க. மூன்றாவது, தொண்டையில் அடைத்து நிற்பதை நீக்க. அப்புறம்தான் அரசியல் பேச்சு.

டடோடாஹோ என்ற ஒனொண்டாகாத் தலைவன் மட்டும் இறங்கி வரவில்லை. தலைமுடியெல்லாம் பாம்பு என்கிறது கதை. எல்லோரும் சேர்ந்து போய், அவன் மனத்தை ஆற்றி, முடியிலிருந்து பாம்புகளை வாரி எடுத்தார்கள். பிறகு ஐந்து தேசங்களின் சபைத் தீயைக் காக்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்தார்கள். சபையில் அந்தப் பதவிக்குப் பெயர் இன்றைக்கும் டடோடாஹோதான்.

அன்று இரவு சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அம்மா, அவ்வளவு கெட்டவரை ஏன் தலைவராக்கினவை?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு மூன்று நாள் வீட்டில் அதே பேச்சு. வகுப்பில் யாரும் கூடச் சேர்க்காத ஒரு பையனைப் பற்றி அவள் முதல்முறையாக வாய் திறந்தது அந்த நாட்களில்தான்.

இந்தச் சபையின் வழக்கங்களைக் கேளுங்கள். தலைவரைத் தெரிவு செய்பவர் குலத்தாய். தலைவர் வழி தவறினால் எச்சரிப்பதும், கேட்காவிட்டால் தலைமையின் அடையாளமான மான்கொம்பைத் திரும்ப எடுப்பதும் குலத்தாயே. ஒரு விஷயத்தை முதலில் மோஹோக்கும் செனெகாவும் பேசுவார்கள். பிறகு தீயின் மறுபக்கம் இருக்கும் ஒனைடாவும் கயூகாவும் பேசுவார்கள். கடைசியில் அது ஒனொண்டாகாவிடம் வரும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்வரை பேச்சுத்தான், கை தூக்கி எண்ணும் வழக்கம் இல்லை. தலைவரின் தோல் ஏழு சாண் தடிப்பாக இருக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். கோபச் சொல்லும் குறைச் சொல்லும் குத்தினாலும் உள்ளே இறங்கக்கூடாதாம். எண்சாண் உடம்பு என்று பேசிப் பழகிய நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இனிக் கைவேலை. ஹையவாதா பட்டை என்பது கத்தரிப்பூ நிறச் சிப்பி மணிகளுக்கு நடுவே வெள்ளை மணிகளால் நான்கு கட்டங்களும் மையத்தில் ஒரு மரமும் கோத்த மணிப்பட்டை. ஐந்து தேசங்களைக் குறிக்கும் இவை எல்லாவற்றையும் ஒரு வெள்ளைக் கோடு இணைக்கிறது. அந்தக் கோடு ஓரத்துக் கட்டங்களோடு நிற்காமல் இரண்டு பக்கமும் வெளியே நீளும், சேர விரும்புகிறவர்கள் வரலாம் என்று. 1722 அளவில் டஸ்கரோரா மக்கள் வந்து சேர, ஐந்து தேசம் ஆறானது. பட்டை அவர்களுக்கு ஒப்பந்தப் பத்திரம் மாதிரி, அழகுக்கு மாட்டுவதில்லை. அதனால் பிள்ளைகளை அதைப் பார்த்துச் செய்ய அந்தக் கதைசொல்லி விடவில்லை. நாலு பேருக்கு ஒரு சிறு தறி கொடுத்து, உங்களுக்குள் ஒரு வாக்குறுதி எடுத்து அதற்கு நீங்களே ஒரு வடிவம் போடுங்கள் என்றார்.

நான் ஒரு நாள் உதவிக்குப் போயிருந்தேன். மகளின் குழுவில் ஒரு மணி மாறி விழுந்திருந்தது. ஐந்து வரிசை தாண்டித்தான் கண்டுபிடித்தார்கள். ஊசியைத் திருப்பி, வரிசை வரிசையாகப் பிரித்தார்கள். ஒருத்தி நூலை இறுக்கி இழுத்ததால் பட்டை ஒரு பக்கம் வளைந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்து, எவ்வளவு இழுப்பது என்று காட்டினான். அரை மணித்தியாலம் போயிற்று. யார் பிழை என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிராண்ட்ஃபோர்டில் மோஹோக் இன்ஸ்டிட்யூட் என்ற உறைவிடப் பள்ளி 1970 வரை நடந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த இடம். கனடா முழுவதும் அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு ஏறக்குறைய 1,50,000 பிள்ளைகள் போனார்கள். பள்ளி வைத்து அழிக்கப் பார்த்த கதைகளை அதே மக்கள் இன்று நம் பள்ளிக்கு வந்து சொல்லத் தயாராக இருக்கிறார்கள். தமிழ் மறந்துபோகுமே என்று சனிக்கிழமை தோறும் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றி இறக்கும் நாமா அதை வேண்டாம் என்று சொல்வது?

சம்மதிப்பீர்கள் என்றால், சிலவற்றை அதிபரிடம் சேர்ந்தே கேட்போம். பூர்வகுடிகளை நினைவுகூரும் ஜூன் மாதத்தில் ஒரு நாள் என்று ஒதுக்க வேண்டாம். அவர்களுடைய பல கதைகள் பனிக்காலத்தில் மட்டுமே சொல்லப்படுகிறவை, ஜனவரியில் தொடங்கட்டும். கதைசொல்லிக்கு, அந்தப் பயிற்சி நிறுவனம் கேட்ட அதே தொகையைக் கொடுப்போம். அவர் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வருகிறார். வகுப்பு ஆசிரியர் கதை நேரத்தில் வேறு வேலை பார்க்காமல் பிள்ளைகளோடு வட்டத்தில் உட்காரட்டும். காகித இறகுத் தொப்பி வெட்டி ஒட்டும் வேலை ஒரு வகுப்பிலும் வேண்டாம்.

அடுத்த கூட்டம் வியாழன் மாலை ஏழு மணிக்கு, நூலக அறையில். வேலை முடிந்து களைத்துத்தான் வருவீர்கள், தெரியும். தேநீரும் வடையும் நான் கொண்டுவருகிறேன். இந்த முறை உடனே கை தூக்காமல், எல்லோரும் ஒரு சுற்றுப் பேசிப் பார்ப்போம்.

அன்புடன்,
ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய்