வயிரவனுக்கு: நிர்வாகக் குழு நாற்காலியில் உட்காருமுன்

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள வயிரவா,

இங்கே அனைவரும் நலம். நீயும் ஆச்சியும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இத்தனை நாள் பதில் எழுதாததற்குரிய வசவுகளைத் தவணை முறையில் அனுப்பிவை, வட்டியோடு ஏற்றுக்கொள்கிறேன். வளவு வீட்டு ஓடுகளைக் குரங்குகள் பிரிப்பது, பேரனின் மழலை, நம் கணேசன் மூன்றாவது முறையாக வைத்த ஓய்வு விருந்து ஆகியவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே படித்து வந்தவன், உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டேன். ஊர்க் கூட்டுறவு வங்கியின் நிர்வாகக் குழுவுக்கு உன்னை நிற்கச் சொல்கிறார்கள், போட்டியே இருக்காது, மாதம் ஒரு கூட்டம், ஒரு பொன்னாடை, நல்ல காப்பி என்று எழுதியிருக்கிறாய். கூடவே, இங்கே வீட்டை விற்று வந்த பணத்தையும் அதே வங்கியில் போட்டுவிடலாம் என்று ஒரு வரி. காரணம், மேலாளர் உன்னைக் கண்டதும் "அண்ணே" என்று எழுந்து நிற்கிறாராம்! முப்பது ஆண்டுகள் ஷென்டன் வேயில் கணக்குச் சரிபார்த்தவன் எழுதுகிற வரியா அது?

உன் ஊர் வங்கியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லவில்லை. அதன் பெயரைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் இந்த மாதம் முழுவதும் நான் வேறொரு சிற்றூர் வங்கியின் கதையைத்தான் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் எல்க்கார்ட் என்றோர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. அவ்வூரின் ஹார்ட்லேண்ட் ட்ரை-ஸ்டேட் வங்கிக்கு நான்கே கிளைகள், மொத்தச் சொத்து சுமார் 13 கோடியே 90 லட்சம் டாலர். விவசாயிகளின் பணத்தை வாங்கி விவசாயிகளுக்கே கடன் கொடுத்த வங்கி. அதன் தலைமை நிர்வாகி ஷான் ஹேன்ஸ் ஊரில் பெரிய மனிதர். மாநில வங்கியாளர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். சிறு வங்கிகளின் சார்பில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையில் சாட்சியம் சொன்னவர். கடன் வாங்கியவர் எவரும் அந்த வங்கியைக் கவிழ்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் அறிமுகமான யாரோ மின்னிலக்க நாணயத்தில் (கிரிப்டோவில்) கொழுத்த லாபம் காட்டுவதாகச் சொன்னதை நம்பி, இந்தப் பெரிய மனிதர் முதலில் தன் பணத்தைப் போட்டார், பிறகு தன் மகளின் படிப்புக்கென வைத்திருந்த பணத்தை, பிறகு தேவாலயத்தின் பணத்தை, ஊர் முதலீட்டுக் குழுவின் பணத்தை எடுத்தார், கடைசியில் வங்கியின் பணத்திலேயே கைவைத்தார். 2023 மே மாத இறுதிக்கும் ஜூலை முதல் வாரத்துக்கும் இடையில் வங்கியிலிருந்து அவர் அனுப்பச் செய்த தொகை 4 கோடியே 71 லட்சம் டாலர். வங்கியின் மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஆறே வாரங்களில்!

இங்கே சிங்கப்பூரில் மட்டும் 2024இல் மோசடிகளில் பறிபோன பணம் 110 கோடி வெள்ளிக்கும் மேல் என்பதால், ஏமாந்த மனிதரை நினைத்து நான் வியக்கவில்லை. படித்தவர், படிக்காதவர் எல்லாரும்தான் ஏமாறுகிறார்கள். என்னை உறங்கவிடாதது வேறொன்று. அந்தப் பணத்தை அவர் தன் கையால் அனுப்பவில்லை; ஊழியர்கள் அனுப்பினார்கள். வங்கியின் சொந்த விதிகளுக்கு அது முரண் என்பது தெரிந்தும் அனுப்பினார்கள் என்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் பின்னர் எழுதியது. விதிகள் எல்லாம் இருந்தன, வயிரவா. அனுப்புதொகைக்கு உச்சவரம்பு இருந்தது, இயக்குநர் குழு இருந்தது, தணிக்கை இருந்தது. அவர் சொன்னால் மறுபேச்சில்லை என்ற பழக்கமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்தில் உட்காருகிற மனிதரைப் பார்த்துத் திங்கட்கிழமை "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்க எத்தனை பேருக்கு நாக்கு எழும்? கடைசியில் அவர் ஒரு வாடிக்கையாளரிடமே போய், முடங்கிய பணத்தை மீட்க 1 கோடியே 20 லட்சம் டாலர் கடன் கேட்டிருக்கிறார். இது மோசடி என்று அந்த விவசாயிக்கு உடனே விளங்கிவிட்டது. இயக்குநர்களின் காதில் போட்டதும் அவர்தான்.

நம் பழைய அலுவலகத்து டியோ அம்மாளை நினைத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்து மணி தாண்டிய நேரத்தில், பெரிய துரை தாமே இறங்கி வந்து ஒற்றைக் கையெழுத்தோடு ஓர் அனுப்புதொகைப் படிவத்தை நீட்டியதும், அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக்கூடச் சரிசெய்யாமல், மரஅளவுகோலின் முனையால் அதை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளி, இரண்டாம் கையெழுத்துக்குரிய கட்டத்தின் மேல் கோலை வைத்தபடியே இருந்ததும் உனக்கு மறந்திருக்காது. ஒரு சொல் பேசவில்லை. துரை முகம் சிவக்கத் திரும்பிப் போனார். நாம் இருவரும் பேரேட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு சிரித்தோம். எல்க்கார்ட்டில் ஒரு டியோ அம்மாள் இருந்திருந்தால் அந்த வங்கி இன்றும் திறந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

முடிவு எப்படி வந்தது என்பதையும் கேள், உனக்குப் பிடிக்கும். 2023 ஜூலை 28, வெள்ளிக்கிழமை, மாநில வங்கி ஆணையர் வங்கியை மூடி, மத்திய வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகத்தை ரிசீவராக, அதாவது மூடிய வங்கியின் சொத்தையும் கடனையும் பொறுப்பேற்றுத் தீர்ப்பவராக, நியமித்தார். அந்தக் கழகமோ வைப்புத்தொகைகள் முழுவதையும் சிரக்யூஸ் என்ற இன்னொரு கான்சாஸ் சிற்றூரைச் சேர்ந்த ட்ரீம் ஃபர்ஸ்ட் வங்கிக்கு மாற்றிக் கொடுத்தது. திங்கட்கிழமை காலையில் அதே நான்கு கிளைகள் புதிய பெயரில் திறந்தன. பழைய காசோலை செல்லும், பழைய அட்டை செல்லும். வைப்பாளர் எவருக்கும் ஒரு காசு நட்டமில்லை. காப்பீட்டு நிதிக்குத்தான் அடி. 5 கோடியே 42 லட்சம் டாலர் போகும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். பங்கு வைத்திருந்தவர்கள் யார் என்று நினைக்கிறாய்? பெரும்பாலும் அக்கம்பக்கத்து மக்கள்தான். ஓய்வுக்காலத்துக்கென்று வைத்திருந்த பங்குகள் ஒரே மாலையில் வெறும் தாளாயின. அவர்கள் இழந்தது ஏறக்குறைய 90 லட்சம் டாலர். புலனாய்வுத் துறை மீட்ட 80 லட்சத்துச் சொச்சம் பின்னர் அவர்களுக்குத் திரும்பியது. அது நிகழ்ந்தது அதிர்ஷ்டத்தால் என்பேன். ஹேன்ஸுக்கு 2024 ஆகஸ்டில் 24 ஆண்டுகளும் 5 மாதங்களும் சிறை விதித்தார்கள்.

"அது அமெரிக்கா" என்று நீ சொல்வாய். கரூருக்கு வா. 1926இல் கரூர் வணிகர்கள் எழுவர் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை உன் தந்தையாரின் தலைமுறை எவ்வளவு மதித்தது! வாராக்கடன் ஏறி, மூலதனம் கரைந்து, 2020 செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களே இயக்குநர்கள் எழுவரை மறுநியமனம் செய்ய மறுத்து, நவம்பர் 17 அன்று தடைக்காலம் வந்தது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்றார்கள். பத்தே நாளில் நம் ஊர் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவு அதை ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூரிலிருந்து 2,500 கோடி ரூபாய் மூலதனம் போயிற்று. வைப்பாளர்களின் பணம் பத்திரமாக இருந்தது. பங்குகளின் மதிப்பு மட்டும் முழுவதுமாகத் துடைக்கப்பட்டது. எல்க்கார்ட்டிலும் கரூரிலும் வரிசை ஒன்றேதான்: வைப்பாளர் முன்னே, பங்குதாரர் கடைசியில்.

ஆனால் சிறிய கூட்டுறவு வங்கிக்கு எப்போதும் ஒரு டிபிஎஸ் வந்து நிற்காது. ரிசர்வ் வங்கி உரிமத்தை நீக்கினால், கூட்டுறவுச் சங்கப் பதிவாளர் கலைப்பு அலுவலரை நியமிப்பார். வைப்புக் காப்பீட்டுக் கழகம் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரையில்தான் கொடுக்கும். அதற்குமேல் போட்டவர், கடன்கள் வசூலாகி, காப்பீட்டுக் கழகத்துக்குரியதும் தீர்ந்த பிறகு, மிச்சமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். பல ஆண்டுகள் ஆகலாம். ஆகவே வீட்டை விற்ற பணத்தை ஒரே இடத்தில் போடாதே. இதில் விவாதத்துக்கே இடமில்லை, ஆச்சியிடமும் தனியாகச் சொல்லப் போகிறேன். இங்கே 2024 ஏப்ரலிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 வெள்ளி வரை காப்பீடு உண்டு. அதிலும்கூட நான் என் சேமிப்பை மூன்று வங்கிகளில் பிரித்து வைத்திருப்பதைப் பார்த்து நீ என்னைக் கேலி செய்ததுண்டு. கேலி செய்துகொள், பணத்தைப் பிரித்துப் போடு.

நிர்வாகக் குழுப் பதவியைப் பற்றி இனிச் சொல்கிறேன். வேண்டாம் என்று நான் சொல்லப் போவதாக நீ நினைத்திருப்பாய். நேர்மாறாக, உன்னைப் போன்றவன்தான் அங்கே போக வேண்டும் என்று தோன்றுகிறது. இங்கே மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் வட்டிக்கடையான கிட்டங்கியில் உன் பாட்டையா பெட்டியடியில் உட்கார்ந்து ஒரு காசு இடித்தாலும் இரவெல்லாம் விளக்கேற்றிக் கணக்குப் பார்த்ததாக நீயே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாய். ஆனால் பொன்னாடையையும் காப்பியையும் வாங்கிக்கொண்டு, தீர்மானப் புத்தகம் வரும் பக்கமெல்லாம் கையெழுத்திட்டு வருவதற்காகப் போவதானால், தயவுசெய்து போகாதே. தலைவர் உன் பள்ளித் தோழர் என்று வேறு எழுதியிருக்கிறாய். அவரையே நீ கேட்க வேண்டியிருக்கும்: பெருங்கடன்காரர் இருபது பேர் யார், அவர்களில் குழுவினரின் உறவினர் எத்தனை பேர், பழைய கடனைப் புதுக் கடனால் தீர்த்து நல்ல கணக்காகக் காட்டியிருக்கிறார்களா, தணிக்கையாளர் கடைசியாக எழுதிய குறைகளுக்கு யார் பதில் சொன்னார், பெரிய தொகை வெளியே போக எத்தனை கையெழுத்து வேண்டும். முதல் கூட்டத்திலேயே கேட்டால் "வெளிநாட்டில் இருந்து வந்தவர், அப்படித்தான் கேட்பார்" என்று பொறுத்துக்கொள்வார்கள். பத்தாம் கூட்டத்தில் கேட்டால் பகை என்பார்கள். இவ்விஷயத்தில் உன் வெளியூர்த்தனம் உனக்கு ஒரு சலுகை. அது தீர்வதற்குள் பயன்படுத்திக்கொள்.

வேட்புமனு கொடுக்குமுன் கடைசி மூன்று ஆண்டு அறிக்கைகளையும் தணிக்கைக் குறிப்புகளையும் கேட்டு வாங்கு. உறுப்பினர்தானே நீ, ஆண்டு அறிக்கையைக் கேட்க என்ன தயக்கம்? "பிறகு தருகிறோம், அண்ணே" என்றார்களானால் அதையும் எனக்கு எழுது. கிடைத்தவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பு. நிழல் விழாமல் எடு, போன முறை உன் கட்டைவிரலைத்தான் அதிகம் பார்த்தேன். சனிக்கிழமை கணேசன் இங்கே வருகிறான். நாங்கள் இருவரும் உட்கார்ந்து வரிக்கு வரி பார்த்து, ஞாயிறு இரவு உன்னை அழைக்கிறோம். அதுவரையில் வைப்பு ரசீது எதிலும் கையெழுத்திடாதே.

அன்புடன்,
உன் பழைய மேசைத் தோழன்,
சுந்தரம்